தலைக்கு மேலே பனி: வட துருவத்தின் அடியில் சென்ற நீர்மூழ்கிகள்

[திரையில்: ஆர்க்டிக் பெருங்கடலின் வரைபடம்]

பாறை மோதுமா, தரை தட்டுமா என்று கீழே இருப்பதை எண்ணித்தான் கப்பலோட்டிகள் காலங்காலமாக அஞ்சினார்கள். ஆர்க்டிக்கில் அந்த அச்சம் தலைக்கு மேலேயும் வந்து நின்றது.

1931-ல் ஆஸ்திரேலியரான சர் ஹியூபர்ட் வில்கின்ஸ், அமெரிக்கக் கடற்படையின் பழைய நீர்மூழ்கி ஒன்றைப் பெற்று, நாட்டிலஸ் என்று பெயரிட்டு, துருவத்தை நோக்கிப் புறப்பட்டார். மூழ்குவதற்கு உதவும் கிடைச் சுக்கான்கள் கடலிலேயே தொலைந்துபோயின. அப்படியும் அவர் விடவில்லை. பனியின் விளிம்புக்கு அடியில் சற்றுத் தூரம் புகுந்து பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். இவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கால நீர்மூழ்கிகளுக்குப் பெரிய தடை காற்று. டீசல் எஞ்சின் ஓடக் காற்று வேண்டும். நீருக்கடியில் மின்கலத்தை நம்பித்தான் ஓட வேண்டும். அது தீர்ந்தால் மேலே வந்தே ஆக வேண்டும். மேலே பனி மூடிக் கிடந்தால்? அணு உலைக்கு இந்தக் கட்டாயமே இல்லை. 1955 ஜனவரியில் அணுசக்தியால் ஓடத் தொடங்கிய அமெரிக்காவின் புதிய நாட்டிலஸ் வாரக்கணக்கில் மூழ்கியே இருக்க முடிந்தது.

ஆனால் அணு உலை மட்டும் போதாது. பனிக்கு அடியில் செல்பவருக்கு மேலே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். அந்தக் கண்ணைக் கொடுத்தவர் வால்டோ லயன். சான் டியேகோவில் கடற்படை ஆய்வகத்தில் பணியாற்றிய இந்த இயற்பியலாளர், 1947-லேயே டீசல் நீர்மூழ்கியில், அலாஸ்காவுக்கும் சைபீரியாவுக்கும் வடக்கே உள்ள சுக்சி கடலின் பனிக்கு அடியில் போய் வந்தவர். இந்தக் கதையில் தளபதிகளுக்குக் கிடைத்த புகழில் பாதியாவது இவருக்குச் சேர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

[திரையில்: கப்பலின் முதுகிலிருந்து மேல்நோக்கிச் செல்லும் ஒலி அலைகள்]

வழக்கமாகக் கடலடியை நோக்கி ஒலியை அனுப்பும் சோனார் கருவியை மேல்நோக்கித் திருப்பினார்கள். கப்பல் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை நீரழுத்தம் சொல்லும். பனியின் அடிப்பரப்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை எதிரொலி சொல்லும். முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்தால், பனி நீருக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். காகிதச் சுருளில் ஒரு முள் அந்தக் கோட்டை வரைந்துகொண்டே போகும். கோடு சட்டென்று கீழிறங்கினால், பனியின் முகடு ஒன்று தலைகீழாகத் தொங்குகிறது என்று பொருள்.

1957-ல் தளபதி வில்லியம் ஆண்டர்சன் தலைமையில் நாட்டிலஸ் வட அட்சரேகை 87 பாகை வரை சென்றது (துருவம் 90 பாகை). வேகமாகச் சுழலும் சக்கரத்தைக் கொண்டு திசை காட்டும் கைரோ திசைகாட்டிகள் செயலிழந்ததால் திரும்ப நேர்ந்தது. துருவத்தை நெருங்க நெருங்கக் காந்தமுள்ளும் கைகொடுக்காது. அடுத்த ஆண்டு, ஏவுகணைக்காக உருவாக்கப்பட்ட நிலைம வழிகாட்டியை, அதாவது கப்பலின் அசைவுகளை அளந்தே அது இருக்கும் இடத்தைக் கணிக்கும் கருவியை, கப்பலில் பொருத்தினார்கள். ஜூனில் மறுபடியும் முயன்றார்கள். சுக்சி கடலின் சராசரி ஆழமே ஏறத்தாழ 50 மீட்டர்தான். அடியில் தரை, மேலே தொங்கும் பனி, நடுவில் கப்பல். சில அடி இடைவெளியில் ஒரு முகட்டைத் தாண்டியதும் ஆண்டர்சன் கப்பலைத் திருப்பினார். துணிச்சலான முடிவு என்று நான் சொல்வது இதைத்தான்.

பனி சற்று விலகியபின், 1958 ஆகஸ்ட் 3 அன்று, 116 பேருடன் நாட்டிலஸ் துருவத்தைக் கடந்தது. அங்கே கடலின் ஆழம் 4,087 மீட்டர் என்று பதிவானது. 96 மணி நேரத்தில் சுமார் 2,900 கிலோமீட்டர் பனிக்கடியில் பயணம் செய்து, கிரீன்லாந்து பக்கம் வெளியே வந்தது.

கடந்தாயிற்று. மேலே எழுவது எப்படி? அதைக் காட்டியது அமெரிக்காவின் மற்றோர் அணு நீர்மூழ்கியான ஸ்கேட். தளபதி ஜேம்ஸ் கால்வர்ட், மேல்நோக்கிய சோனாரில் மெல்லிய பனியுள்ள இடத்தைத் தேடுவார். அதற்கு நேர் கீழே கப்பலை அசையாமல் நிறுத்துவார். பிறகு தொட்டிகளிலிருந்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்ற, கப்பல் முன்னும் பின்னும் நகராமல் செங்குத்தாக உயரும். வலுவூட்டப்பட்ட மேற்கோபுரம் பனியை உடைத்துக்கொண்டு வெளிப்படும்.

1959 மார்ச் 17 அன்று ஸ்கேட் இப்படித்தான் துருவத்திலேயே எழுந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன் காலமாகியிருந்த வில்கின்ஸின் அஸ்தியை அங்கே தூவினார்கள். 1962-ல் சோவியத் நீர்மூழ்கி கே-3-யும் துருவத்தை எட்டியது.

[திரையில்: பழைய சோனார் பதிவுச் சுருள்]

போர்த் தேவைக்காக எடுத்த அந்த அளவீடுகள் பின்னர் அறிவியலாளர்களின் கைக்கு வந்தன. 1958 முதல் 1976 வரையிலான நீர்மூழ்கிப் பதிவுகளை 1990-களின் பதிவுகளோடு 1999-ல் ஒப்பிட்டார்கள். கோடை முடிவில் பனி நீருக்குள் இறங்கியிருந்த சராசரி அளவு 3.1 மீட்டரிலிருந்து 1.8 மீட்டராகக் குறைந்திருந்தது.