மீன்பிடிக்கப் பிறந்த வயோலா

நேயர்களுக்கு வணக்கம்.

கப்பல் என்ஜின் அறையில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். பழைய கப்பல் என்றாலே என் மனசு நேராகக் கீழே, பாய்லர் பக்கம்தான் இறங்கும். இன்றைக்கு நான் பேசப்போவது வயோலா என்ற நீராவி மீன்பிடிக் கப்பலைப் பற்றி.

1906-ல் இங்கிலாந்தின் பெவர்லி ஊரில் கட்டப்பட்டது. நீளம் சுமார் 108 அடிதான். அங்கே ஆறு குறுகல். அதனால் கப்பலைப் பக்கவாட்டாகத்தான் தண்ணீரில் தள்ளுவார்கள். பிறகு ஹல் துறைமுகத்தின் ஹெல்யர் நிறுவனத்துக்காக வடகடலுக்குப் போனது.

அந்த நிறுவனத்தின் கப்பல்கள் கூட்டமாகத்தான் மீன் பிடிக்கும். ஒருமுறை கிளம்பினால் வாரக்கணக்கில் கரை கிடையாது. கூட்டத்தை நடத்துகிற மூத்த தலைவரை 'அட்மிரல்' என்றே கூப்பிடுவார்கள். எங்கே வலை போடுவது, எப்போது இழுப்பது எல்லாம் அவர் சொல்வதுதான். பகலில் கொடி காட்டுவார், இரவில் வாணம் விடுவார். மடி, அதாவது இழுவலை, ஏறியதும் மீனைக் கிழித்துச் சுத்தம் செய்து மரப்பெட்டியில் அடுக்குவார்கள். அப்புறம்தான் உயிரைப் பணயம் வைக்கிற வேலை. அந்தப் பெட்டிகளைச் சின்னத் துடுப்புப் படகில் ஏற்றி, கொந்தளிக்கிற கடலில் துடுப்புப் போட்டு, காத்திருக்கும் வேகக் கப்பலுக்குக் கொண்டுபோக வேண்டும். அது லண்டன் பில்லிங்ஸ்கேட் சந்தைக்கு ஓடும். தன் கப்பல் ஒரு பக்கம் ஆடும், எதிர்க் கப்பல் இன்னொரு பக்கம் ஆடும். நடுவில் படகில் நின்றபடி பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக் கொடுக்க வேண்டும். இந்த வேலையில் எத்தனையோ பேர் கடலோடு போனார்கள். லண்டன்காரர் காலையில் சாப்பிட்ட மீனுக்குப் பின்னால் இப்படிப்பட்ட கைகள் இருந்தன.

கீழே கரி அள்ளிப் போடுபவருக்கும் ஓய்வு கிடையாது. நீராவி முதலில் சின்ன உருளையில் பிஸ்டனைத் தள்ளும், பிறகு நடுத்தரம், பிறகு பெரியது. ஒரே நீராவியிடம் மூன்று முறை வேலை வாங்குகிற என்ஜின் அது. எனக்கு இன்றும் அதன் மேல் தனி மரியாதை.

சரி, முதல் உலகப் போருக்கு வருவோம். 1914-ல் பிரிட்டிஷ் கடற்படை வயோலாவை எடுத்துக்கொண்டது. இது திடீரென்று வந்த யோசனை இல்லை. கடலில் போட்ட கண்ணிவெடியை வாருவதற்கு மடி இழுக்கும் இந்த மாதிரி மீன்பிடிக் கப்பல்தான் சரி என்று கடற்படை முன்பே கண்டுகொண்டு, 1910-லேயே மீனவர்களுக்கென்று ஒரு துணைப் பிரிவைத் தொடங்கியிருந்தது. காரணம் எளிது. இரண்டு கப்பல்கள் இணையாகப் போகும். நடுவில் எஃகுக் கம்பி தண்ணீருக்குள் இழுபடும். வெடியைக் கடலடியில் கட்டிவைத்திருக்கும் வடம் அதில் மாட்டி அறும், வெடி மேலே மிதக்கும், துப்பாக்கியால் சுட்டு அழிப்பார்கள். மடி இழுத்தே பழகியவருக்குக் கம்பியின் இழுப்பும் தளர்வும் உள்ளங்கையில் தெரியும். அதைப் பயிற்சிக் கூடத்தில் கற்றுத் தர முடியாது.

ஆனால் வயோலாவின் முக்கிய வேலை நீர்மூழ்கிகளைத் தேடுவது. முதலில் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகள் பக்கம் காவல், பிறகு வடகிழக்கு இங்கிலாந்தின் டைன் ஆற்றுப் பக்கம். வலை இருந்த தளத்தில் பீரங்கியும் ஆழ்நீர் குண்டுகளும் வந்தன. 1918 ஆகஸ்டில் யுபி-30, செப்டம்பரில் யுபி-115 என்ற இரண்டு ஜெர்மன் நீர்மூழ்கிகளை மூழ்கடித்த வேட்டைகளில் வயோலாவும் இருந்தது. முதலாவதில் 26 பேர், இரண்டாவதில் 39 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. இரும்புப் பெட்டிக்குள் என்ஜினோடு வாழ்ந்தவன் என்பதால் அந்த எண்களைச் சாதாரணமாகக் கடந்துபோக என்னால் முடிவதில்லை. அவர்களில் பாதிப் பேராவது என்னைப்போல என்ஜின்காரர்களாக இருந்திருப்பார்கள் என்றே தோன்றும்.

போர் முடிந்ததும் நார்வேக்காரர்கள் வாங்கி, திமிங்கல வேட்டைக்கு மாற்றினார்கள். கடைசியாக வைத்த பெயர் டியாஸ். 1927-ல் தெற்கு அட்லாண்டிக்கில் இருக்கும் தெற்கு ஜார்ஜியா தீவின் கிரிட்விக்கன் திமிங்கல வேட்டை நிலையத்துக்குப் போய், எண்ணெய்க்காகக் கடல்யானை என்ற பெரிய சீல்களைப் பிடிக்கும் வேலையில் பல காலம் ஓடியது. 1960-களில் அந்த நிலையம் மூடப்பட்டது. கப்பல் கட்டிப்போட்ட இடத்திலேயே நின்று, 1974-ல் மூழ்கியது. 2004-ல் மிதக்க வைத்துக் கரையேற்றினார்கள்.

இப்போதும் அங்கேயே இருக்கிறது, துருப்பிடித்துச் செம்மண் நிறத்தில். கொஞ்ச தூரத்தில் அண்டார்டிகப் பயணி ஷேக்கிள்டன் அடக்கமான கல்லறைத் தோட்டம். என்ஜின் இன்னும் உள்ளேயே இருக்கிறது. வயோலாவின் மணி மட்டும் நார்வேயில் கிடைத்து, ஹல்லுக்குத் திரும்பிவிட்டது. கப்பலையும் ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்று அங்கே சிலர் பாடுபடுகிறார்கள். அது நடந்து, அந்த மூன்று உருளைகளையும் ஒருநாள் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

நன்றி, வணக்கம்.