காபி லேட்டானால் வழக்கா?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அமெரிக்க நிறுவனங்களில் நிறப் பாகுபாடு குறைந்தது முதலாளிகளின் நல்ல மனசாலா, கணக்குக் கேட்ட கண்டிப்பாலா? கண்டிப்பால்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் போகிற போக்கில் ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டுவிட்டுப் போனார். "காபி லேட்டானதுக்கெல்லாம் வழக்குப் போட்டா, நம்ம ஊர் ஹோட்டல் முதலாளி ஒருத்தர்கூட வீட்டுல இருக்க முடியாது" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். ஐயா, அந்தக் காபிக் கதையை நான் முழுசாகச் சொல்லட்டுமா?

1993, ஏப்ரல் 1. மேரிலாந்து மாநிலம், அன்னாபொலிஸ் நகரம். அங்கே இருக்கிற கடற்படை அகாடமிக்கு ஜனாதிபதி கிளிண்டன் வரப்போகிறார். பாதுகாப்புக்குப் போன சீக்ரெட் சர்வீஸ்காரர்கள், அதாவது ஜனாதிபதியின் காவல் படையினர், 21 பேர், காலைச் சாப்பாட்டுக்கு 'டென்னிஸ்' (Denny's) என்ற உணவகத்துக்குள் நுழைகிறார்கள். ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கிற நிறுவனம் அது. எல்லாருக்கும் ஒரே சீருடை, ஒரே அவசரம். கறுப்பினத்தவர் ஆறு பேர் ஒரு மேசையில் உட்காருகிறார்கள்.

ஆர்டர் எடுத்தாயிற்று. பக்கத்து மேசைக்குத் தட்டு வந்தது. வெள்ளைக்காரச் சகாக்கள் சாப்பிட ஆரம்பித்தார்கள். இந்த மேசைக்கு வரவில்லை. சரி, அடுக்களையில் வேலை அதிகம் போலிருக்கிறது என்று பொறுத்தார்கள். பக்கத்து மேசைக்கு இரண்டாம் தடவையும் பரிமாறியாயிற்று. இங்கே முதல் தட்டே வரவில்லை! கேட்டார்கள். காத்திருந்தார்கள். மறுபடி கேட்டார்கள். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், ஐயா! நாட்டின் ஜனாதிபதி தன் உயிரையே நம்பி ஒப்படைத்த ஆட்கள். அவர்களை நம்பி ஒரு தட்டு முட்டை வைக்க அந்தக் கடைக்கு மனசு வரவில்லை. டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். இந்த ஆறு பேரும் வெறும் வயிற்றோடு எழுந்தார்கள்.

ஆறு பேரும் வழக்குப் போட்டார்கள். கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? பாகுபாடெல்லாம் இல்லை, பெரிய ஆர்டர், அதனால் தாமதம் என்றது. எதிரணித் தலைவர் சொன்ன அதே பதில்! காபி லேட்டு, அவ்வளவுதான். ஐயா, லேட்டாவது குற்றமில்லை. யாருக்கு மட்டும் லேட்டாகிறது என்பதுதான் வழக்கு. இரட்டைக் குவளை வைத்த டீக்கடைகளைப் பார்த்த மண் இது. இங்கே நின்றுகொண்டு இதை நான் விளக்க வேண்டுமா?

அந்தச் சமயத்தில்தான் கலிஃபோர்னியாவில் அதே நிறுவனத்தின் மேல் இன்னொரு வழக்கு. கறுப்பின இளைஞர்கள் சாப்பிட உட்கார்ந்தால், முதலில் காசை வை, அப்புறம்தான் சாப்பாடு என்றார்கள். மற்றவர்களுக்கு அப்படி இல்லை. ஒரு கடையின் ஒரு நாள் தாமதமா இது? 1994-இல் இரண்டு வழக்குகளும் சேர்ந்து 5 கோடியே 44 லட்சம் டாலரில் முடிந்தன. ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள் எனக்கும் இப்படி நடந்தது என்று முன்வந்தார்கள். பணத்தோடு விடவில்லை. ஊழியர்களுக்குப் பயிற்சி, வெளியிலிருந்து ஒரு கண்காணிப்பாளர், வாடிக்கையாளர் போலவே உள்ளே போய் உட்கார்ந்து சோதிக்கிற ஆட்கள்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். 2000-இல் ஃபார்ச்சூன் பத்திரிகை, சிறுபான்மையினருக்குச் சிறந்த நிறுவனங்கள் என்று பட்டியல் போட்டது. முதலிடம் யாருக்கு? அதே டென்னிஸின் தாய் நிறுவனத்துக்கு! இதைத்தான் எதிரணி நல்ல மனசு என்கிறது. அந்த மனசு ஏன் 1993-இல் வரவில்லை?

2018-இல் ஸ்டார்பக்ஸ் காபி நிறுவனம் 8,000-க்கும் மேற்பட்ட கடைகளை ஒரு பிற்பகல் மூடிவைத்துப் பயிற்சி கொடுத்ததே, அதை யார் கேட்டார்கள் என்றது எதிரணி. பிலடெல்பியா கடையில் நண்பருக்காகக் காத்திருந்த இரண்டு கறுப்பின இளைஞர்களுக்குப் போலீஸ் விலங்கு மாட்டிய வீடியோவை உலகமே பார்த்தது. உலகம் கேட்டது, கடை மூடியது.

நடுவர் அவர்களே, கடைசியாக ஒன்று. 1960, பிப்ரவரி 1. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் உல்வொர்த் கடையில் பற்பசை வாங்கினார்கள். காசை வாங்கிக்கொண்டார்கள். அதே கடையின் உணவு மேடையில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். உங்களுக்குக் கிடையாது என்றார்கள். மறுநாளும் வந்து உட்கார்ந்தார்கள், இன்னும் பலர் சேர்ந்தார்கள், ஊரே அந்தக் கடையைப் புறக்கணித்தது, வியாபாரம் படுத்தது. ஜூலை 25-ஆம் தேதி கடை இறங்கிவந்தது. அன்றைக்கு அங்கே முதலில் பரிமாறப்பட்டவர்கள் யார் தெரியுமா? அந்தக் கடையிலேயே வேலை பார்த்த கறுப்பின ஊழியர்கள். சீருடையைக் கழற்றிவிட்டு மாற்றுடையில் வந்து உட்காரச் சொன்னார்கள்.

எத்தனை வருஷம் அந்த அம்மாக்கள் அந்த அடுக்களையில் நின்று ஊருக்கெல்லாம் சமைத்துப் போட்டிருப்பார்கள்! தாங்கள் சமைத்ததைத் தாங்களே உட்கார்ந்து சாப்பிட ஒரு நாற்காலி இல்லை. நம் வீட்டில் எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் நின்றபடி சாப்பிடுகிற நம் அம்மாவை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். முதலாளியின் மனசு தானாக இளகட்டும் என்று அந்த அம்மா இன்னும் எத்தனை வருஷம் நிற்க வேண்டும்? எதிரணித் தலைவர் அதற்கு ஒரு பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.