சந்தேகம் என்றொரு சரக்கு

வணக்கம். முதலில் சிகரெட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். 'எனக்கு அந்தப் பழக்கமே இல்லையே' என்று யாரும் ரேடியோவை அணைத்துவிட வேண்டாம். என் பேச்சு அதோடு நிற்காது.

ஒரு பொருளால் உடம்புக்குக் கேடு என்று ஆராய்ச்சி சொல்கிறது. அதை விற்கிறவர் என்ன செய்வார்? மறுப்பார் என்று நினைப்போம். மறுப்பார்தான். ஆனால் கெட்டிக்கார வியாபாரி அதோடு விடமாட்டார். 'இன்னும் ஆராய வேண்டியிருக்கிறது' என்று ஒரு வாக்கியத்தையும் சேர்த்துக்கொள்வார். பல வருடங்களாக எனக்கு அந்த வாக்கியத்தின் மேல்தான் கண்.

1953-ஆம் வருடக் கடைசி. சிகரெட் புகையிலிருந்து எடுத்த தார் என்ற கரும்பசையை எலிகளின் முதுகில் தடவியபோது அவற்றுக்குப் புற்றுநோய் வந்தது என்ற செய்தி அமெரிக்காவில் பரவுகிறது. ஜனங்கள் மிரண்டுபோகிறார்கள். டிசம்பர் மாதம் நியூயார்க்கில் பிளாசா ஹோட்டலில் சிகரெட் நிறுவனங்களின் தலைவர்கள் கூடுகிறார்கள். சந்தையில் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ளும் ஆட்கள்! ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனத்திடம் யோசனை கேட்கிறார்கள்.

1954 ஜனவரி 4. நானூறுக்கும் மேற்பட்ட செய்தித்தாள்களில் முழுப் பக்க விளம்பரம். சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஒரு வெளிப்படையான அறிக்கை என்று அதற்குத் தலைப்பு. எங்கள் பொருள் கெடுதல் செய்யாது என்று நம்புகிறோம் என்கிறார்கள். மக்களின் உடல்நலமே எங்களுக்கு மற்ற எதையும்விடப் பெரிது என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேல், ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறோம், குழு அமைக்கிறோம் என்கிறார்கள். அந்த விளம்பரத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு முதலில் நம்பத்தான் தோன்றும். அவ்வளவு பணிவு, அவ்வளவு பொறுப்பு! ஆராய்ச்சி செய்கிறேன் என்கிறவரோடு யார் சண்டைக்குப் போவார்கள்?

அதுதான் சூட்சுமம். வழக்கில் ஜெயிக்க வேண்டும் என்றில்லை, வாய்தா வாங்கிக்கொண்டே இருந்தால் போதும். 1969-இல் பிரவுன் அண்ட் வில்லியம்சன் என்ற சிகரெட் நிறுவனத்தின் உள்குறிப்பு ஒன்றில் இதை எழுதியே வைத்திருக்கிறார்கள்: சந்தேகம்தான் நம்முடைய சரக்கு. சிகரெட் இல்லை, சந்தேகம்! 1994-இல் ஏழு நிறுவனத் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னால் சத்தியம் செய்துவிட்டு, புகையிலையில் இருக்கும் நிகோடின் அடிமைப்படுத்தும் என்று நாங்கள் நம்பவில்லை என்றார்கள். 1954-இலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது வருட வாய்தா.

சரி, உண்மையான விஞ்ஞானியும் இன்னும் ஆராய வேண்டும் என்றுதானே சொல்வார், எப்படி இனம் காண்பது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் ஒன்று பார்ப்பேன். என்ன முடிவு வந்தால் ஒத்துக்கொள்வீர்கள் என்று கேட்டால், விஞ்ஞானியிடம் பதில் இருக்கும். வாய்தா கேட்கிறவரிடம் இருக்காது. அப்புறம், பணம் யாருடையது என்றும் கேட்க வேண்டும்.

ஏனென்றால் சர்க்கரையிலும் இதே கதைதான். 1965-இல் அமெரிக்கச் சர்க்கரைத் தொழிலின் ஆராய்ச்சி அமைப்பு ஹார்வர்டு ஆய்வாளர்களுக்குச் சுமார் 6,500 டாலர் கொடுத்தது. 1967-இல் புகழ்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் அவர்களுடைய கட்டுரை வந்தது. இதய நோய்க்குக் கொழுப்பைக் கைகாட்டிவிட்டு, சர்க்கரையை லேசாக விட்டுவிட்டது. பணம் வந்த இடம் கட்டுரையில் இல்லை. அன்றைக்கு அதைச் சொல்ல வேண்டும் என்ற விதியும் இல்லை. பழைய கடிதங்களைத் தோண்டி 2016-இல்தான் விஷயத்தை வெளியே கொண்டுவந்தார்கள்.

எதிர்ப்பு பலித்த இடங்களும் உண்டு. 1998-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் சிகரெட் நிறுவனங்கள் மேல் போட்ட வழக்கு சமரசத்தில் முடிந்தபோது, லட்சக்கணக்கான பக்கங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. என்னைக் கேட்டால், அபராதப் பணத்தைவிட அந்தக் காகிதங்கள்தான் பெரிய வெற்றி. 2005-இல் நடைமுறைக்கு வந்த உலகப் புகையிலை ஒப்பந்தத்தில் 5.3 என்று ஒரு பிரிவு இருக்கிறது. புகையிலைக் கட்டுப்பாட்டுக் கொள்கையை அந்தத் தொழிலின் நலன்களிடமிருந்து அரசுகள் காப்பாற்ற வேண்டும் என்கிறது. சட்டம் எழுதும் மேசையில் வியாபாரிக்கு நாற்காலி போடாதே என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். உருகுவே, நாற்பது லட்சம் பேர்கூட இல்லாத நாடு, சிகரெட் பெட்டியில் 80 சதவீதத்தை எச்சரிக்கைப் படத்துக்கு ஒதுக்கச் சொன்னது. 2010-இல் பிலிப் மோரிஸ் என்ற சிகரெட் நிறுவனம் வழக்குப் போட்டது. ஆறு வருடம் நின்று உருகுவே ஜெயித்தது. அந்த ஆறு வருடமும் வேறு எத்தனை சின்ன நாடுகள் 'நமக்கெதற்கு வம்பு' என்று கையைக் கட்டிக்கொண்டிருந்திருக்கும்!

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இரண்டு நிமிடம்தான் பாக்கி என்று இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். குழந்தைகளுக்கான பால்பவுடரைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும் என்றுதான் வந்தேன். ஆஸ்பத்திரியில் இலவச மாதிரி டப்பா, அது தீர்வதற்குள் தாய்ப்பால் குறைந்துவிடுவது, அதன்பின் காசு கொடுத்து வாங்குவது... இதற்கு எதிரான விற்பனை நெறிமுறையை 1981-இல் உலக சுகாதார சபையில் 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து ஒரே ஒரு ஓட்டு, அமெரிக்காவுடையது. அது ஏன் என்று சொல்ல... ஒரு விரல்தான் தெரிகிறது. நன்றி, வணக்கம்.