பதற்றம் முந்தியா, குடி முந்தியா?

வணக்கம். "ஏன் குடிக்கிறீங்க?" என்று கேட்டால் என் முன்னால் உட்காருபவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒரே பதில்தான்: "டென்ஷன், டாக்டர்." பொய் சொல்வதில்லை. ஆனால் அந்த டென்ஷனைத் தயாரிப்பதில் குடிப்பழக்கத்துக்கும் பங்கு இருக்கிறது.

மூளையில் இரண்டு ரசாயனங்கள்: காபா அமைதிப்படுத்தும், குளூட்டமேட் முடுக்கிவிடும். மது காபாவின் பக்கம் சாயும். தினமும் அப்படி நடந்தால் மூளை சும்மா இருக்குமா? காபாவின் பிடியைத் தளர்த்தி, குளூட்டமேட்டை ஏற்றி வைத்துக்கொள்ளும். போதை இறங்கியதும் அந்த ஏற்றம் மட்டும் மிஞ்சும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, காரணமில்லாத பயம். காலையில் ஒரு பெக் போட்டால் அடங்கிவிடும். அப்புறம் அதையே மருந்து என்று நம்பாமல் வேறென்ன செய்வார்?

நீண்ட நாள் நிறையக் குடித்தவர் வீட்டில் தானாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அதையடுத்து மனக்குழப்பமும் பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் கண்காணிப்பில் சில நாள் டயஸெபாம் போன்ற, மூளையை அமைதிப்படுத்தும் மருந்தும் தயமின் என்ற பி1 வைட்டமினும் கொடுப்போம். டயஸெபாமை அப்படியே மாதக்கணக்கில் தொடர்ந்தால் அதற்கும் அடிமையாகிவிடுவார்.

அதற்குப் பிறகுதான் குடியைத் தடுக்கும் மாத்திரைகள். டைசல்ஃபிரம் குடியைத் தடுக்க உதவும் என்பது 1940களில் டென்மார்க்கில் கண்டறியப்பட்டது. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, இதயம் தடதடக்கும். பதற்றத்துக்கு அது எதுவும் செய்யாது. பயத்தால் தடுக்கும், அவ்வளவுதான். "அவருக்குத் தெரியாமல் கொடுக்கலாமா?" என்று வீட்டார் கேட்பார்கள். கூடவே கூடாது. தெரியாமல் குடித்துவைத்தால் உயிர் போகலாம்.

நால்ட்ரெக்சோன் வழக்கமாக நாளுக்கு 50 மில்லிகிராம். குடி தரும் இன்பத்தை மங்கச் செய்யும். மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை வலி மாத்திரை சாப்பிடுபவருக்கு ஆகாது. எனக்கு இந்தப் பேச்சில் முக்கியமாகப்படுவது அகாம்ப்ரோசேட். நான் சொன்னேனே, ஏறிக்கிடக்கும் குளூட்டமேட், அதைத் தணிப்பதாகக் கருதப்படுகிறது. மூன்று வேளை சாப்பிட வேண்டும், சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும்.

சரி, பதற்றத்துக்கே மருந்து? பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம் குடியில்லாமல் போகட்டும் என்று பார்ப்பேன். பலருக்கு அதற்குள் தானாகவே குறைந்துவிடும். குறையாமல் நின்றால் அது தனி நோய். செர்ட்ரலின் மாதிரி மாத்திரையும் உளவியல் சிகிச்சையும் தொடங்குவோம். மாத்திரை பலன் காட்டவே சில வாரம் ஆகும். அதுவரைக்கும் வாரம் ஒருமுறை வரச் சொல்கிறேன்.