இடப்பக்கம் உட்கார்ந்தவர்: நெல்லைச் சீமையின் வில்லிசைக் குழுக்கள்

(காட்சி: சுடலைமாடன் கோயில் பந்தல், இரவு. வில்லில் கட்டிய மணிகள் அண்மையில்.)

வில்லுப்பாட்டு என்றதும் பலருக்கும் நடுவில் அமர்ந்து வீசுகோலால் நாணை அடித்துப் பாடும் புலவர்தான் நினைவுக்கு வருவார். கொடை என்னும் கோயில் திருவிழா ஒவ்வொன்றிலும் அதைக் கேட்டு வளர்ந்த என்னைக் கேட்டால், இடப்பக்கம் உட்கார்ந்து 'ஆமா' போடுகிறவரைத்தான் முதலில் காட்டுவேன்.

குழுவில் வலம் பாடுவோர், இடம் பாடுவோர் என இரு பக்கம் உண்டு. புலவர் ஓர் அடியைப் பாடி நிறுத்தினால், இடம் பாடுபவர் அதன் கடைசிச் சொல்லைப் பிடித்து வாங்கிப் பாடுவார். கதை வசனமாக இறங்கும்போது பந்தலின் கடைசியில் இருக்கும் பாட்டி கேட்க நினைத்த கேள்வியை அவரே கேட்டுவிடுவார். புலவர் மூச்சு வாங்குவதும் அடுத்த அடியை நினைவுகூர்வதும் அந்த இடைவெளியில்தான்.

(காட்சி: குடம். அடிப்பவரின் இரு கைகள்.)

குடத்தைப் பாருங்கள். வைக்கோல் பிரிமணையில் உட்கார்ந்திருக்கும் சாதாரண மண்பானை. ஒரு கையில் உள்ள பத்தி என்னும் தட்டு மட்டையால் அதன் வாயை அடித்தால் அடிவயிற்றில் இறங்கும் 'கும்' ஓசை எழும். மறு கையில் இருக்கும் நாணயம் பானையின் கழுத்தில் 'டிங் டிங்' என்று விழும். உடுக்கும் தாளமும் கட்டையும் இதன்மேல் ஏறிக்கொள்ளும்.

காப்பு, குருவடி, அவையடக்கம், நாட்டு வளம் என்று பாடிவிட்டுத்தான் கதைக்குள் நுழைவார்கள். கடைசியில் வாழி. நடுவில் இருக்கும் கதை, கொடையின் சடங்கோடு பின்னிக் கிடக்கிறது. கயிலாயத்தில் பார்வதி முந்தானையில் ஏந்திய விளக்குச் சுடரிலிருந்து சுடலை பிறக்கும் கட்டம் வரும்போது, புலவரின் கண் ஏட்டில் இருக்காது. கோமரத்தாடி என்னும் சாமியாடி மேல்தான் இருக்கும். அவர் உடல் லேசாக நடுங்கத் தொடங்கியதும் குடம் முந்தும், உடுக்கு விரட்டும், அருள் இறங்கும். பாட்டு அங்கே வேடிக்கைக்கு அல்ல. சாமியைப் பந்தலுக்கு அழைத்துவரும் வேலை அதனுடையது.

(காட்சி: காரையாறு, சொரிமுத்து அய்யனார் கோயில்.)

முத்துப்பட்டன் கதையை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது. பிராமணனாகப் பிறந்தவன், செருப்புத் தைக்கும் குடும்பத்துச் சகோதரிகளான பொம்மக்கா திம்மக்காவை மணப்பதற்காகக் குடுமியையும் பூணூலையும் துறந்து, மாமனாரோடு செருப்புத் தைக்க உட்காருகிறான். மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். அவனே பட்டவராயன் என்ற தெய்வமாக இக்கோயிலில் இருக்கிறான்; இன்றும் அவன் சன்னதியில் தோல் செருப்பைத்தான் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். சாதியை இவ்வளவு நேருக்கு நேராகப் பேசிய கதையை ஊர் நடுவில் விடிய விடியப் பாடிய குழுக்களின் துணிவை நாம் இன்னும் சரியாக மெச்சவில்லை என்பேன்.

நாங்குநேரியில் பிறந்த ஆய்வாளர் நா. வானமாமலை இக்கதைப்பாடல்களைத் தேடித் திரட்டிப் பதிப்பித்தார். 1967-இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கியவரும் அவரே. சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த வில்லிசைக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் வில்லைச் சென்னைக்குக் கொண்டுபோனார். 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற அவர் மறுஆண்டு மறைந்தார்.

(காட்சி: மேடை, ஒலிபெருக்கிகள்.)

இப்போது பல ஊர்களில் வில்லுக்கு மாலையில் இரண்டு மணி நேரம். பிறகு மேடை இன்னிசைக் கச்சேரிக்குப் போய்விடுகிறது. இரண்டு மணி நேரத்தில் சுடலையின் பிறப்பைப் பாடலாம். அவர் மயானத்துக்குப் போகும் கட்டத்தைப் பாட முடியாது. குறைவது முதலில் நாட்டு வளம், அடுத்து இடப்பக்கத்துக் கேள்விகள். செலவைக் குறைக்க ஓர் ஆளை விடச் சொன்னால், விடப்படுபவரும் பெரும்பாலும் இடம் பாடுபவர்தான். கொடை வரி பிரிக்கும் நிர்வாகிகள் நள்ளிரவுப் பூசையான சாமக் கொடை வரையாவது வில்லை விட்டுவைக்க வேண்டும் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

(காட்சி: பழுப்பேறிய நோட்டுப் புத்தகம்.)

குழுக்கள் கதையை ஓலை ஏட்டிலும், பின்னாளில் நோட்டுகளிலும் எழுதிவைத்துப் பாடின. ஒவ்வொரு குழுவின் பாடமும் சற்றே வேறு. உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ வில்லில் உட்கார்ந்தவர் என்றால், பரணில் அப்படியொரு நோட்டு இருக்கலாம். பழைய பேப்பர்க்காரருக்குப் போடும் முன் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையில் ஒருமுறை காட்டுங்கள்.