கோப்பில் எழுபது வயது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஒரு பாடகரின் கலை உச்சம் தொடுவது இளமைப் பதிவுகளிலா, முதுமைப் பதிவுகளிலா என்ற கேள்விக்கு, முதுமைப் பதிவுகளில்தான் என்று வாதிட வந்திருக்கிறேன். என் சாட்சி, அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரப் பாட்டான ப்ளூஸ் பாடிய ஆல்பர்ட்டா ஹண்டர்.

1895இல் மெம்பிஸ் நகரில் பிறந்தவர். சிகாகோவில் ஜாஸ் இசைக்கலைஞர் கிங் ஆலிவரின் குழுவோடு பாடியவர். 1928இல் லண்டன் மேடையில் புகழ்பெற்ற பாடகரும் நடிகருமான பால் ராப்சனோடு நடித்தவர். தாயார் மறைந்தபின், 1950களில், மேடையை விட்டு இறங்கிச் செவிலியர் பயிற்சிக்கு விண்ணப்பித்தார். உண்மையான வயதைச் சொன்னால் சேர்க்கமாட்டார்கள் என்பதால் பன்னிரண்டு ஆண்டுகளைக் குறைத்து எழுதிக் கொடுத்தார். நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் இருபது ஆண்டுகள் பணி செய்தார். 1977இல், எழுபது வயதாகிவிட்டது என்று சொல்லி அவரை ஓய்வில் அனுப்பினார்கள்.

நடுவர் அவர்களே, அந்தக் காட்சியை அவை மறுபடியும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். கோப்பில் எழுபது, அம்மையாருக்கோ எண்பத்திரண்டு! எழுபதே வேலைக்கு ஆகாத வயது என்று கணக்கு முடிக்கப்பட்டவர், அதற்கும் பன்னிரண்டு ஆண்டு மூத்த உடம்போடு வெளியே வந்து, அதே ஆண்டில் கிரெனிச் வில்லேஜில் குக்கரி என்ற உணவகத்தில் பாடத் தொடங்கினார். ஓய்வு பெற்றவர் பாடினார் என்று இதைச் சொல்லக்கூடாது. ஓய்வு பெறும் வயதைக் கடந்து பன்னிரண்டு ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் உழைத்துவிட்டு வந்து பாடினார் என்று சொல்ல வேண்டும்.

எதிரணித் தலைவர், முதுமைப் பதிவு என்பது நேற்று வைத்த குழம்பைச் சுடவைத்துப் பரிமாறுவது என்றார், அவையும் கைதட்டியது. ஐயா, எந்தக் குழம்பு என்று தாங்கள் சொல்லவில்லை. சாம்பார் என்றால் ஒப்புக்கொள்கிறேன், ஊசிப்போகும். மீன்குழம்பு என்றால்? மண்சட்டியில் ஓர் இரவு கிடந்து, புளியும் காரமும் மீனின் உட்சதை வரை இறங்கிய பிறகு, அந்த ருசிக்காகவே இரண்டு துண்டுகளை மறுநாளுக்கென்று எடுத்து வைக்காத வீடு எது? வைத்த அன்று மீன் வேறு, குழம்பு வேறு. மறுநாள்தான் இரண்டும் ஒன்றாகின்றன.

அப்படி ஒன்றாகியதைக் காதால் கேட்கலாம். பியானோ கலைஞர் லவி ஆஸ்டினோடு சேர்ந்து ஆக்கிய ‘டவுன் ஹார்ட்டட் ப்ளூஸ்’ பாடலை ஆல்பர்ட்டா 1922இல், இருபத்தேழாம் வயதில் பதிவு செய்தார். மறு ஆண்டு, ப்ளூஸின் பேரரசி என்று போற்றப்படும் பெஸ்ஸி ஸ்மித்தின் முதல் இசைத்தட்டாக வந்து புகழ்பெற்றதும் அதே பாடல்தான். 1978இல் வெளியான ஒரு திரைப்படத்துக்காக, எண்பதைக் கடந்த ஆல்பர்ட்டா அதை மீண்டும் பாடினார். முதல் பதிவின் காலத்தில் ஒலிவாங்கி கிடையாது. கூம்புக்குள் உரக்கப் பாடினால்தான் மெழுகில் பதியும். பிந்தைய பதிவிலோ மூச்சு நிற்கும் இடமும், குரலின் கரகரப்பும், ஒரு சொல்லை விட மனமில்லாமல் அவர் பிடித்து வைத்திருக்கும் இடமும் கேட்கின்றன. அது கருவியின் வெற்றி என்று எதிரணி சொல்லக்கூடும். இல்லாத ஒன்றை எந்தக் கருவியும் பதிவதில்லை. 1980இல் வந்த ‘ஆம்டிராக் ப்ளூஸ்’ தொகுப்பைத் தயாரித்தவர், 1933இல் பெஸ்ஸி ஸ்மித்தின் கடைசிப் பதிவை நடத்திய அதே ஜான் ஹேமண்ட். பெஸ்ஸியை நேரில் கேட்ட காது, ஆறிப்போனதற்காக வந்து உட்காருமா?

மணி அடித்துவிட்டீர்கள், ஒன்றை மட்டும் சொல்ல அனுமதியுங்கள். செவிலியாக இருந்த அந்த இருபது ஆண்டுகளில், 1961இல் சில பாடல்களைப் பதிவு செய்ததைத் தவிர, அவர் பாடகியாக வாழவே இல்லை. உடன் வேலை செய்தவர்களுக்கே அவர் யார் என்று தெரியவில்லை. இளமையில் அவர் பாடியது காதலில் நொந்த நெஞ்சை. முதுமையில் அதே வரிகளைக் கேட்கும்போது, தாயை இழந்த மகளும், கட்டில் கட்டிலாகக் குனிந்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட செவிலியும் அந்தக் குரலில் இருப்பதாகவே எனக்குக் கேட்கிறது. அந்தக் கட்டில்களில் எத்தனை பேர், தம் தலையணையைச் சரிசெய்யும் கை யாருடையது என்று அறியாமலே கண் மூடியிருப்பார்கள், நடுவர் அவர்களே!