சோறு போட்ட வேலையை விட்டுட்டு சோறு வைக்கப் போன கதை

வணக்கம் மக்களே. பின்னாடி சடசடன்னு கேக்குதே, அது மும்பை சயன் மழை. போனை டீ தம்ளர்ல சாய்ச்சு வெச்சிருக்கேன், ஆடுனா பொறுத்துக்குங்க.

இருபத்தோரு வருஷம் ஃபோர்ட்ல அக்கவுண்ட்ஸ் வேலை. 47 வயசுல பேப்பர் போட்டுட்டு மிருதங்கம் ரிப்பேர் கத்துக்கப் போறேன்னு சொன்னேன். மாமனார் நிதானமா கேட்டாரு: "சோறு போடுற வேலைய விட்டுட்டு, மத்தளத்துக்கு சோறு வைக்கப் போறீங்களா மாப்ள?"

நக்கல்தான். ஆனா நிஜமாவே அதான் வேலை! மிருதங்கத்தோட வலது பக்கம், அதான் வலந்தலை, அது நடுவுல கறுப்பா வட்டமா இருக்கே, அதுக்குப் பேரே சோறு. வடிச்ச சாதத்தோட கிட்டங்கல்லுங்கிற கறுப்புக் கல்லோட பொடியப் பிசைஞ்சு, துளித்துளியா அப்பி, ஒவ்வொரு பூச்சுக்கும் வழவழப்பான கல்லால தேய்ச்சுக்கிட்டே இருக்கணும். அவசரப்பட்டா உதிரும். நான் வெச்ச முதல் சோறு ரெண்டே நாள்ல பொலபொலன்னு கொட்டிடுச்சு. வாத்தியார் ஒண்ணும் சொல்லல, சுரண்டிட்டு மறுபடி வைங்கன்னாரு. அவருக்கு வயசு 29. அவரு என்னை "அங்கிள்"பாரு, நான் அவர "வாத்தியாரே"ம்பேன்.

இந்தப் பைத்தியம் பழசு. சண்முகானந்தா ஹால் கச்சேரியில தனி ஆவர்த்தனம், அதாவது தாள வாத்தியம் மட்டும் தனியா வாசிக்கிற கட்டம், ஆரம்பிச்சா பாதிப் பேரு காபிக்கு எழுந்து போவாங்க. நான் அப்பதான் நிமிர்ந்து உட்காருவேன்.

ஒண்ணு மட்டும் நான் எதிர்பார்க்கல. சின்ன வயசுல நான் மிருதங்கம் வாசிச்சப்ப ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட எங்க மாட்டுங்கா அத்தை, இப்ப நான் மிருதங்கத்தை இழுத்துக் கட்டுற தோல் வார் பிடிக்கிறேன்னதும், "குளிச்சிட்டு உள்ள வாடா"ன்னாங்க. மாட்டுத் தோல், ஆட்டுத் தோல் இல்லாம நாதம் எங்கேருந்து வரும் அத்தை? எனக்கு ஒரு நாள்தான் இந்த வார்த்தை. வாத்தியார் வீட்டுல மூணு தலைமுறையா கேட்டிருக்காங்க. வாசிக்கிறவங்களுக்குப் பொன்னாடை போத்துறோம், இவங்க பேரு யாருக்காவது தெரியுமா?

சரி, காசு. போன மாசம் கையில நின்னது 18,400 ரூபா. வீட்டுக்காரம்மா டீச்சர், அதனாலதான் அடுப்பு எரியுது, அத மறைச்சுப் பேச மாட்டேன். வேலைய விடப்போறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன்: கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸ் கையில இருக்கும்போதே சொந்தமா ஒரு பாலிசி எடுத்துடுங்க. ஏற்கெனவே சுகர், பிபி இருந்தா அதுக்குக் காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்க்கு கிளெய்ம் கிடைக்காத காலம், 3 வருஷம் வரைக்கும் போகும். எனக்கு சுகர். இது தெரியாம பேப்பர் போட்டுட்டேன், இப்ப நாளை எண்ணிக்கிட்டு இருக்கேன்.

இதோ பாருங்க, ஒரு பொண்ணு கொண்டாந்த மிருதங்கம். ஞாயித்துக்கிழமை அரங்கேற்றம். மழை ஈரத்துல தோல் தளர்ந்து சுருதி இறங்கிக் கிடக்கு. கேக்குதா... தொம்முனு? கல்லும் புள்ளுங்கிற மரக்கட்டையும் எடுத்து ஒரு சுத்து தட்டிப் பாக்கணும், ஏறலைன்னா வார இழுக்கணும். அதுக்கு ரெண்டு ஆள் வேணும். வாத்தியார் கூப்பிடுறாரு, போனை வெச்சிடறேன்.